மேக்ரோ பூட்டும் எங்கள் டைப்பிங் கடைகளும்

வேர்டில் சில கோப்புகளைத் திறந்தவுடன் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். மேக்ரோக்கள் முடக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும். அனுமதி கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கும். வேறு சில கோப்புகளுக்குச் சிவப்புப் பட்டை வரும். அதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது. முகையூரில் டைப்பிங் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த இரண்டு நிறமும் அன்றாடம் பழகியவை. பென் டிரைவைக் கொண்டுவந்து செருகுகிறவர்கள், "யக்கா, மேல மஞ்சக் கோடு வந்து என்னமோ கேக்குது, எதை அமுத்தறது?" என்று கேட்பார்கள். 'அதை அமுத்து' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க என்னால் முடிவதில்லை. அந்தப் பட்டைக்குப் பின்னால் முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. எங்களைப் போன்ற கடைகள் மேக்ரோவை நம்பிப் பிழைத்ததற்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இரண்டையும் சேர்த்து யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று பலகாலமாக நினைத்திருந்தேன்.

மேக்ரோ என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருந்தால், அதன் படிகளை வரிசையாக எழுதி, ஒரு பெயர் வைத்து, கோப்புக்குள்ளேயே சேமித்துவிடலாம். பிறகு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும், வேர்டு தானாகவே எல்லாப் படிகளையும் செய்து முடிக்கும். 1993இல் வந்த வேர்டு 6 காலத்தில் இதை எழுதும் மொழிக்கு வேர்டு பேசிக் என்று பெயர். வேர்டு 97 வந்தபோது அந்த இடத்துக்கு விஷுவல் பேசிக் வந்தது. நாங்கள் வி.பி.ஏ. என்போம். நூறு பக்கத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றுவதும், நானூறு பக்க நூலில் எழுத்துருவையே மாற்றுவதும் அதற்கு ஒன்றுதான்.

தட்டச்சுப் பொறி தந்த விரல்கள்

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் பிரிந்தது. அதுவரை கலெக்டரிடம் மனு கொடுக்க எங்கள் பக்கத்து மக்கள் கடலூர் வரை போகவேண்டும். தலைநகரம் விழுப்புரத்துக்கு வந்ததும் மனுவோடு போய்வருவது ஒரு நாள் வேலையாகச் சுருங்கியது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே மனுவை அடித்து வைத்துக்கொள்வார்கள். முகையூர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் யூனியன் ஆபீஸ் வேலையும் இங்கே உண்டு. அஜெண்டா, தீர்மான நகல், கிராம சபை அறிக்கை, பட்டா மனு, முதியோர் உதவித்தொகை மனு எல்லாம் டைப்பிங் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

நான் டைப்ரைட்டிங் படித்தது விழுப்புரத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது கூட்டமாகப் படித்தார்கள். பத்தாவது முடித்த பெண் வீட்டைவிட்டு வெளியே போய் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள அன்றைக்கு இருந்த சில வழிகளில் அதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா 1930களில் வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த விசைகள்தான் எங்கள் விரல்களுக்கு முதலில் பழகின. 247 எழுத்துகளை நூற்றுக்கும் குறைவான குறிகளுக்குள் அடக்கிய வேலை அது. மெய்யெழுத்து வேண்டுமென்றால் புள்ளியை முதலில் அடிப்போம். அந்த விசையை அடித்தால் வண்டி நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் சரியாக உட்காரும். கொம்பையும் அப்படியே முதலில் அடிப்போம், பிறகு எழுத்து, பிறகு கால். கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையில் கை போகும். இந்தப் பழக்கம் பின்னால் கணினிக்குள்ளும் நுழைந்தது. மேக்ரோவின் தேவை பிறந்ததும் அங்கேதான்.

கடைக்கு ஒரு எழுத்துரு

1990களில் கணினி வந்தபோது தமிழுக்கென்று பொதுவான ஏற்பாடு எதுவும் எங்கள் கையில் இல்லை. அன்றைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள்தான். ஆங்கிலத்துக்கு என்று வகுத்த இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். எந்த வடிவத்தை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். அரசு அலுவலகங்களில் வானவில் மென்பொருளின் ஔவையார் எழுத்துரு, அச்சகங்களில் ஸ்ரீலிபி, இன்னொரு இடத்தில் இளங்கோ, ஈழத்திலிருந்து வரும் எழுத்துகளில் பாமினி. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க முடியாது.

இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. இணையத்தில் கூடிப் பேசிய தமிழர்கள் திஸ்கி என்ற இன்னொரு முறையை உருவாக்கினார்கள். யுனிகோடு 1991இலேயே தன் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் யுனிகோடு தமிழைப் பார்க்க முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுவதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட்டு, விண்டோஸ் சிடியைச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகச் சேர்ந்து வரும். சிடி கையில் இல்லாத கடையில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும்.

எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கடைகளும் அச்சகங்களும் நம்பியிருந்தது பேஜ்மேக்கரை. அதற்கு யுனிகோடு தெரியாது. மாதா கோவில் தேர்பவனி நோட்டீஸ், திரௌபதி அம்மன் தீமிதி நோட்டீஸ், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் பேஜ்மேக்கரில்தான் வடிவமைப்போம். ஆகவே பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு ஒரு பாதை, யுனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்குத் திரும்ப ஒரு பாதை என்று இரண்டும் தேவைப்பட்டன. அந்த இரண்டு பாதைகளையும் எங்களுக்குப் போட்டுக் கொடுத்தது வேர்டு மேக்ரோ.

மேக்ரோவுக்குள் இருந்த தமிழறிவு

இந்த மேக்ரோக்களை எழுதியவர்களின் பெயர் எதிலும் கிடையாது. எங்கள் கடைக்கு முதலில் வந்தது பாண்டிச்சேரியில் ஓர் அச்சகத்திலிருந்து, ஃப்ளாப்பியில். எழுதியவர் கணினிப் படிப்புப் படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. தமிழ் எழுத்து எப்படிக் கூடுகிறது என்பதை விரலால் அறிந்தவர் என்பது மட்டும் உள்ளே பார்த்தபோது தெரிந்தது.

வெறும் 'தேடு, மாற்று' வேலைதான் என்று தோன்றும். எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற மூன்று குறிகள். 'கெ' என்பது கொம்பு, க என்ற இரண்டு. 'க' என்பது ஒன்று. முதலில் 'க'வை மாற்றிவிட்டால் கொம்பும் காலும் அநாதையாக நிற்கும். அதனால் மூன்று குறிகள் சேர்ந்தவற்றை முதலில் மாற்றவேண்டும், பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. கண்ணுக்கு முன்னால் வரும் கொம்பை யுனிகோடு மெய்க்குப் பின்னால் சேமிக்கிறது. தட்டச்சுப் பொறி கற்றுக்கொடுத்த வரிசையை இங்கே தலைகீழாக்கவேண்டும்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே வடிவம்தான். 'கௌரி'யில் வருவதும் 'வெள்ளம்' என்பதில் வருவதும் கணினிக்கு ஒன்றே. கவனமில்லாத மேக்ரோ 'வெளியீடு', 'வெள்ளம்', 'வெளிச்சம்' எல்லாவற்றையும் ஔகாரமாக்கிச் சிதைத்துவிடும். இன்றைக்கும் பழைய நூல்களின் மின்பதிப்புகளில் 'வௌியீடு' என்று கோணலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது அடித்தவரின் பிழையாக இருக்காது, மாற்றிய கருவியின் பிழை. நல்ல மேக்ரோவில் இதற்கு விதி இருக்கும்: 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது தனி எழுத்து, ஔகாரமில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர் இந்த விதியை எழுதியிருந்தார். வெள்ள நிவாரண மனுக்கள் குவியும் தென்பெண்ணைக் கரைப் பகுதியில் அந்த ஒரு விதியின் அருமை எங்களுக்குத் தெரியும்.

அதே கதவால் வந்த திருட்டு

கோப்புக்குள் கட்டளைகளை வைக்கலாம் என்பது எங்களுக்கு வரமாக இருந்த அதே ஆண்டுகளில், வேறு சிலர் அதன் மறுபக்கத்தைக் கண்டுகொண்டார்கள். வேர்டில் 'ஆட்டோ ஓப்பன்' என்று பெயரிட்ட மேக்ரோ, யாரும் கூப்பிடாமலே, கோப்பைத் திறந்தவுடன் ஓடும். அந்தக் கோப்பு இன்னொருவரிடமிருந்து வந்ததாக இருந்தால், அவர் எழுதிய கட்டளை உங்கள் கணினியில் உங்கள் பெயரில் நடக்கும்.

1995இல் கான்செப்ட் என்ற வைரஸ் பரவியது. வேர்டு கோப்பின் வழியாக உலகமெங்கும் பரவிய முதல் மேக்ரோ வைரஸ் அது. மைக்ரோசாப்ட் நிறுவனமே அனுப்பிய ஒரு சிடியிலும் அது இருந்தது. பெரிய சேதம் எதையும் செய்யவில்லை. '1' என்ற எண் மட்டும் உள்ள சிறு பெட்டியைக் காட்டும், 'நார்மல்' என்ற பொது வார்ப்புருவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு நாம் சேமிக்கும் கோப்புகளுக்கெல்லாம் தொற்றும். தொற்றிய கோப்பை 'சேவ் ஆஸ்' கொடுத்தால் வார்ப்புருவாக மட்டுமே சேமிக்க விடும். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. அதுவரை வைரஸ் என்பது நிரல்களில் மட்டும்தான் வரும், கடிதத்தில் வராது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை அந்த ஆண்டோடு போனது. அடுத்த ஆண்டே எக்செல் கோப்புகளுக்கு லாரூ வந்தது.

1999 மார்ச் 26 அன்று மெலிசா வந்தது. கோப்பைத் திறந்தவுடன் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். தெரிந்தவர் பெயரில் வந்ததால் எல்லோரும் திறந்தார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்னஞ்சல் சேவையையே நிறுத்தவேண்டி வந்தது. வேர்டில் இருந்த மேக்ரோ எச்சரிக்கையை அது அணைத்தும் வைத்தது. அதை எழுதிய டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கருக்கு 2002இல் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது அதே ஆண்டு பிப்ரவரியில். நம் எழுத்துகளை ஒரு முறைக்குள் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்த நாட்களும், அந்த எழுத்துகளை மாற்றித்தந்த கருவியின் மீது உலகத்துக்குச் சந்தேகம் முற்றிய நாட்களும் ஒன்றாகவே வந்தன.

அதன் பிறகு மேக்ரோ வெறும் விளையாட்டாக இல்லை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்இணைப்புகள் இருளில் மூழ்கின. மாதங்களுக்கு முன் மின்வாரிய ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வந்த ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோவை அவர்கள் அனுமதித்ததில் தொடங்கியது அந்தத் தாக்குதல். எமோடெட் என்ற தீநிரல் பல ஆண்டுகள் வேர்டு கோப்புகளின் வழியாகவே பரவியது. 'இந்தக் கோப்பு பழைய பதிப்பில் உருவானது, படிக்க வேண்டுமானால் அனுமதியுங்கள்' என்று கோப்புக்குள்ளேயே படமாக எழுதியிருக்கும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து அதன் கணினிகளைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது மறுபடியும் தலைகாட்டியது.

பூட்டு ஒவ்வொன்றாக ஏறிய கதை

வேர்டு 97இல் பாதுகாப்பு என்பது ஒரு டிக் மட்டும்தான். மேக்ரோ இருக்கிறது, ஓடவிடலாமா வேண்டாமா என்று கேட்கும். ஆபீஸ் 2000இல் உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது என்று மூன்று நிலைகள் வந்தன. வேர்டு தானாகவே உயர்ந்த நிலையில் இருக்கும். நம்பகமான கையொப்பம் இல்லாத மேக்ரோவைக் கேள்வி கேட்காமலே நிறுத்தும். எங்கள் எழுத்துரு மாற்றிகள் எதற்கும் கையொப்பம் கிடையாது. அதனால் கடை கடையாக நிலையைக் குறைத்து வைப்பது வழக்கமானது. ஒரு விருந்தாளி வருகிறார் என்பதற்காகத் தெருக்கதவை வருடம் முழுக்கத் திறந்துபோடுவது போன்ற வேலை அது. அந்தக் கணினியில் அதன்பின் யார் கொண்டுவரும் கோப்பும் கேள்வியில்லாமல் ஓடும்.

2007 பதிப்பில் நல்ல மாற்றம் ஒன்று வந்தது. மேக்ரோ இல்லாத கோப்புக்கு ஒரு நீட்டிப்பும், மேக்ரோ உள்ள கோப்புக்குக் கடைசியில் 'எம்' சேர்ந்த இன்னொரு நீட்டிப்பும் கொடுத்தார்கள். பெயரைப் பார்த்தே உள்ளே கட்டளை இருக்கிறதா என்று சொல்லலாம். எச்சரிக்கைப் பட்டையும், நம்பகமான இடங்கள் என்ற ஏற்பாடும் அப்போது வந்தவை. 2010 பதிப்பு, வெளியிலிருந்து வந்த கோப்பைப் படிக்க மட்டும் விட்டது.

2022 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை முழுவதுமாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த முடிவை ஜூலையில் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, அதே மாத இறுதியில் மறுபடியும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொத்தான் இல்லாத சிவப்புப் பட்டை இதுதான். இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் மீது விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்றைப் போடுகிறது. அந்தக் குறிப்பு இருந்தால் சிவப்புப் பட்டை வரும்.

எங்களைப் போன்ற ஊர்க்கடைகள் இதில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குறிப்பு என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த வட்டில்தான் தங்கும். பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட் 32 முறையில் அமைந்தவை. அவற்றுக்கு நகல் எடுத்தவுடன் குறிப்பு அழிந்துபோகும். அதே கோப்பு எங்கள் கடைக்கு வரும்போது சிவப்புக்குப் பதில் மஞ்சள் பட்டையே வரும். எங்கள் பக்கம் வேலை முழுக்கப் பென் டிரைவில்தான் நடக்கிறது. ஆகவே சிவப்பு வரவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக்கூடாது.

அரசும் பள்ளியும் காட்டிய வழிகள்

தமிழ்நாட்டில் வேர்டு இல்லாத இன்னொரு பாதையும் போடப்பட்டது. மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது. பின்னால் வந்த நூல்களில் ஓப்பன் ஆபீஸ். 2000களின் நடுவில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஓப்பன் ஆபீஸ் படித்துவிட்டு, கடைக்கு வந்து வேர்டில் வேலை செய்தார்கள். ஓப்பன் ஆபீஸிலும், 2010இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸிலும் மேக்ரோவுக்கு நான்கு நிலைகள் உண்டு: மிக உயர்ந்தது, உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது. லிப்ரே ஆபீஸ் நிறுவியவுடன் உயர்ந்த நிலையில்தான் இருக்கும்.

மறுபுறம், மேக்ரோவை அனுமதிக்கும் பழக்கத்தை மக்களுக்கு ஊட்டியதில் அரசுத் துறைகளின் படிவங்களுக்கும் பங்குண்டு. வருமான வரித் துறை பல ஆண்டுகளாகத் தரும் எக்செல் படிவங்கள் மேக்ரோவை அனுமதித்தால்தான் வேலை செய்யும். சரக்கு சேவை வரிக்கான ஆஃப்லைன் எக்செல் படிவங்களும் அப்படியே. பிப்ரவரி மாதம் வந்தால் ஆசிரியர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும் வரிக் கணக்கு எக்செலை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். "சார், இதை யார் கொடுத்தாங்க?" என்று கேட்பேன். வேறு பள்ளி ஆசிரியர் அனுப்பியது, அவருக்கு இன்னொருவர் அனுப்பியது என்பார்கள். துறையின் தளத்திலிருந்து நேரே இறக்கியதையும், கைமாறிக் கைமாறி வந்ததையும் மஞ்சள் பட்டை வேறுபடுத்திச் சொல்லாது. அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒரு கோப்புக்கு மட்டும் திறப்பது

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது இதுதான். மேக்ரோவை அனுமதிக்காமலே கோப்பைத் திற. ஆல்ட் விசையோடு எஃப்11ஐ அழுத்து. உள்ளே எழுதியிருப்பது அப்படியே தெரியும். எழுத்துரு மாற்றும் மேக்ரோவில் தேடு, மாற்று, எழுத்துருவின் பெயர், இவ்வளவுதான் இருக்கவேண்டும். 'ஆட்டோ ஓப்பன்', 'டாக்குமென்ட் ஓப்பன்' என்று தானாக ஓடும் பெயர் இருந்தால், 'ஷெல்' என்று வெளி நிரலைக் கூப்பிட்டிருந்தால், இணைய முகவரி இருந்தால், பொருள் புரியாத நீண்ட எழுத்துக் குவியல் இருந்தால், அது எழுத்து மாற்றும் வேலைக்காக எழுதியதாக இருக்காது. மூடிவிடு. உள்ளே பார்க்கவிடாமல் கடவுச்சொல் போட்டிருந்தாலும் தொடாதே.

படித்துப் பார்த்துச் சரியென்று தெரிந்த மேக்ரோவை ஒரே ஒரு கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை மட்டும் நம்பகமான இடமாகச் சேர்த்தால் போதும். சிவப்புப் பட்டை வந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், கீழே அன்பிளாக் என்ற கட்டம், அதில் டிக். அந்த ஒரு கோப்பின் தடை மட்டும் நீங்கும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டி என்று போய், நம்பகமான மூலங்கள் என்ற பக்கத்தில் அந்தக் கோப்புறையைச் சேர்க்கலாம். மாற்றியபின் கோப்பை மூடித் திறந்தால்தான் பலன் தெரியும். இரண்டிலுமே ஒட்டுமொத்த நிலையைக் குறைக்கவேண்டிய அவசியம் எங்கள் தொழிலில் எப்போதும் இல்லை. கடைக் கணினியில் ஊராருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பட்டா விவரமும் கிடக்கின்றன. மக்கள் நம்பிக் கொடுத்தவை அவை. அந்த நம்பிக்கையைவிடப் பெரிதான அவசரம் எதுவும் கிடையாது.

இனி செய்யவேண்டியது

2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு யுனிகோடையும் 16 பிட் தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டர், அழகி, ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் இணையத்தில் வைத்த பொங்குதமிழ் போன்ற கருவிகள் மேக்ரோவே இல்லாமல் எழுத்துருவை மாற்றித் தந்தன. புதிதாக அடிக்கும் மனுவுக்கு இன்று எந்த மேக்ரோவும் வேண்டாம். அந்தத் தேவை முடிந்துவிட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் 1990களிலிருந்து 2010 வரை அடித்தவை அப்படியே கிடக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரைபுரண்டு, அரகண்டநல்லூர், திருக்கோவிலூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. அதன்பிறகு எங்கள் கடைக்கு நனைந்துபோன காகிதங்களோடு பலர் வந்தார்கள். "யக்கா, பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்க, காப்பி இருக்குமா?" என்று கேட்டார்கள். சிலருடையது சிடியில் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தது. எந்த எழுத்துரு என்று தெரிந்தவற்றை மீட்டுக் கொடுத்தேன். அந்தக் கோப்புகளில் இருந்தவை ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை வரைவு, ஓர் ஊராட்சியின் குடிநீர்த் தீர்மானம், ஒரு கூத்து மன்றத்தின் நாடகப் பிரதி. எந்த நூலகமும் இவற்றைச் சேர்த்து வைக்கவில்லை.

பாதுகாப்பு இனியும் இறுகத்தான் செய்யும், இறுகவும் வேண்டும். பழைய மேக்ரோ ஓடாத நாள் ஒன்று வரும். ஆகவே டைப்பிங் கடை, அச்சகம், ஊராட்சி அலுவலகம், பங்கு ஆலயம் என்று பழைய கோப்பு வைத்திருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சிடியின் மேலும் அதில் உள்ள எழுத்துருவின் பெயரை எழுதுங்கள். எழுத்துருக் கோப்பையும் அதனோடு சேர்த்து வையுங்கள். மேக்ரோ இப்போதும் ஓடுகிற கணினி இருக்கும்போதே யுனிகோடுக்கு மாற்றி, 'வெ'யும் 'ள'வும் சேரும் இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மேக்ரோவுக்குள் இருக்கும் வரிகளைச் சாதாரண உரைக் கோப்பாக எடுத்துவையுங்கள். உரைக் கோப்பை எந்தப் பாதுகாப்பு அமைப்பும் தடுக்காது. எந்தக் குறி எந்த எழுத்து, எதை முதலில் மாற்றவேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தால், நாளை வரும் பிள்ளைகள் வேறு எந்த மொழியிலும் அதைத் திரும்ப எழுதிக்கொள்வார்கள். பெயர் போடாமல் அதை நமக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுதான்.